ஒரு பாட்டிலுக்கு எத்தனை கிலோமீட்டர்?

எலெக்ட்ரிக் சைக்கிளின் பேட்டரி மேல் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 270 வாட்-மணி. வீட்டு மின்மீட்டர் கணக்கில் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு யூனிட் மின்சாரத்தைச் சாப்பாட்டின் அலகில் சொன்னால் 860 கலோரி. (பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியைத்தான். இந்த அத்தியாயம் முழுக்க அதே பொருள்.) அப்படியானால் முழுக்கச் சார்ஜ் ஏறிய அந்தப் பேட்டரிக்குள் இருப்பது 232 கலோரி.

லண்டனில் ஒரு பப்பில் ஊற்றித் தரும் பைன்ட் பீர் 568 மில்லி. ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் அதிலும் ஏறக்குறைய 230 கலோரி இருக்கிறது. ஒரு சைக்கிளையும் ஆளையும் பல கிலோமீட்டர் இழுத்துச் செல்லும் ஆற்றலும், ஒரு கிளாஸ் பீரில் இருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இந்த ஒற்றுமையைப் பார்த்ததும் எழும் கேள்வி இயல்பானது. சேலையூரில் இருக்கும் ஒருவர் சனிக்கிழமை இரவு ஒரு பாட்டில் பீர் குடிக்கிறார். மறுநாள் காலை கேம்ப் ரோட்டில் கிளம்பி, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாக வேளச்சேரி வரை எலெக்ட்ரிக் சைக்கிளில் போய் வருகிறார். குடித்தது கழிந்துவிட்டதா? மோட்டார் பாதி வேலையைச் செய்யும்போது அதை உடற்பயிற்சி என்று சொல்லலாமா? இரண்டுக்கும் அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது போல் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

பாட்டிலுக்குள் இருப்பது

உணவின் கலோரியை அளக்க நான்கு எண்கள் போதும். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, ஆல்கஹாலுக்கு 7. ஆல்கஹால் சர்க்கரையைவிடக் கொழுப்புக்கு நெருக்கமான எரிபொருள் என்பதை இதிலேயே பார்க்கலாம்.

இந்திய உணவுகளுக்கான கலோரிப் பட்டியலின் வேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சத்துணவு ஆய்வுக்கூடத்தில், அவருக்குப் பின் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்டு, நம் அரிசி, பருப்பு, கீரைகளின் சத்துக்களை அட்டவணையாக்கி 1937-இல் வெளியிட்டார்.   குன்னூர் ஆய்வுக்கூடம் பின்னர் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய சத்துணவு நிறுவனமாக வளர்ந்தது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன் அங்கே இயக்குநராக இருந்து, அந்த அட்டவணையை விரிவாக்கினார். 100 கிராம் அரிசியில் சுமார் 345 கலோரி, 100 கிராம் வேர்க்கடலையில் 567 கலோரி என்று டயட்டீஷியன்கள் சொல்லிவந்த எண்கள் அந்த மரபிலிருந்து வந்தவை.

உணவுப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் கலோரி அச்சாகியிருக்கும். மதுபாட்டிலில் நம் கண்ணுக்குப் படுவது ஆல்கஹால் சதவீதம்தான். அதுவே போதும். மில்லி அளவைச் சதவீதத்தால் பெருக்கி 18-ஆல் வகுத்தால், ஆல்கஹாலிலிருந்து மட்டும் வரும் கலோரி கிடைத்துவிடும். ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, கிராமுக்கு 7 கலோரி என்ற இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் வருவது இந்த 18.

650 மில்லி பாட்டில், 5 சதவீதம்: 180 கலோரி. பீரில் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்து 100 மில்லிக்கு மூன்று நான்கு கிராம் இருக்கும். அதையும் சேர்த்தால் பாட்டிலுக்கு ஏறக்குறைய 270. ஸ்ட்ராங் என்று விற்கும் 8 சதவீத பீர் என்றால் ஆல்கஹாலுக்கே 289. மொத்தம் 390-ஐத் தொடும். 100 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டால் வருவதைவிட இது அதிகம். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, 42.8 சதவீதம்: 428 கலோரி. இதில் மாவுச்சத்தே கிடையாது, அத்தனையும் ஆல்கஹால். பீர் குடித்தால்தான் தொப்பை போடும், பிராந்திக்குப் போடாது என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை தாங்களே பெருக்கி வகுத்துப் பார்க்க வேண்டும்.

செப்பு அறைக்குள் ஒரு சைக்கிள்

ஆல்கஹாலுக்கு 7 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்தக் கதையில் மது, சைக்கிள், மின்சாரம் மூன்றும் ஒரே அறைக்குள் வருகின்றன.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஓர் ஊர். அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளரும், எட்வர்டு ரோசா என்ற இயற்பியலாளரும் 1890-களில் ஓர் ஆள் படுத்து எழுந்து நடமாடும் அளவுக்குச் செப்புத் தகட்டால் ஓர் அறை கட்டினார்கள். உள்ளே இருப்பவரின் உடலிலிருந்து வெளியேறும் வெப்பம் முழுவதையும், குழாயில் ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதை வைத்து அளந்தார்கள். உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, உணவு, கழிவு என எல்லாவற்றையும் எடைபோட்டார்கள். ஆள் நாள்கணக்கில் உள்ளேயே இருப்பார்.

உழைக்கும் உடலை அளக்க அந்த அறைக்குள் நகராத சைக்கிள் ஒன்றை வைத்தார்கள். பெடலை மிதித்தால் ஒரு சிறு டைனமோ சுழலும். அதில் பிறக்கும் மின்சாரத்தை அளந்தால் கால்கள் செய்த வேலை தெரிந்துவிடும். இன்றைய எலெக்ட்ரிக் சைக்கிளில் மின்சாரம் காலுக்கு உதவுகிறது. அங்கே கால் மின்சாரம் தந்தது. சாப்பிட்ட உணவின் ஆற்றலும், வெப்பமாகவும் வேலையாகவும் வெளியேறிய ஆற்றலும் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. ஆற்றல் அழியாது என்ற விதி மனித உடலுக்கும் பொருந்தும் என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சோதனைகள் அதற்கு முன் மிகக் குறைவு.

பிறகு அட்வாட்டர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உணவின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே கலோரிக்கு ஆல்கஹாலைக் கொடுத்தார். நாளுக்கு 72 கிராம், சிறு சிறு அளவுகளாகப் பிரித்து. உள்ளே போன ஆல்கஹாலில் 98 சதவீதத்துக்கு மேல் உடலில் எரிந்துவிட்டது. அதன் ஆற்றல் உடலுக்குக் கிடைத்தது. மது விஷம், உணவாக அது உதவவே உதவாது என்று பள்ளிப் பாடங்களில் எழுதியிருந்த மதுவிலக்கு இயக்கத்தாருக்குக் கடும் கோபம். மது வியாபாரிகளுக்கோ கொண்டாட்டம். பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டு தரப்பும் அவரைத் தவறாகவே எடுத்துக்கொண்டன. அவர் காட்டியது, ஆல்கஹால் ஆற்றல் தரும் என்பதை மட்டும். ஒரு பொருள் எரிபொருளாக இருப்பதும், அது உடம்புக்கு நல்லதாக இருப்பதும் வேறு வேறு. நூறாண்டு கடந்தும் பீருக்கும் சைக்கிளுக்கும் கலோரிக் கணக்கு போடுகிறவர்கள் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கால் செய்யும் வேலை

சைக்கிள் பக்கம் வருவோம். 65 கிலோ ஆள், 25 கிலோ எலெக்ட்ரிக் சைக்கிள், 5 கிலோ பை. மொத்தம் 95 கிலோ. சமதளத்தில், காற்றில்லாத நேரத்தில், மணிக்கு 20 கிலோமீட்டரில் போக எவ்வளவு திறன் வேண்டும்? டயர் ரோட்டில் உருளும்போது ஏற்படும் தடைக்கு 40 வாட், காற்றைப் பிளக்க 60 வாட். ஆக 100 வாட். வேகத்தை 25-ஆக உயர்த்தினால் தேவை 165 வாட்டைத் தாண்டிவிடும். காற்றைப் பிளக்கும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுவதுதான் காரணம்.

தென்சென்னைப் புறநகரில் மேடு பெரிதாக உடலை வாட்டுவதில்லை. 10 மீட்டர் ஏற்றத்துக்கு 95 கிலோவைத் தூக்கச் செலவாகும் வேலை வெறும் 9 கிலோஜூல். மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கினாலும், மொத்தத்தில் அது சில்லறைதான். இங்கே உண்மையான மலை கடற்காற்றுதான். கோடைப் பகலில் கிழக்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டால், சேலையூரிலிருந்து மேடவாக்கம் பக்கம் போகிறவருக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்றில், 15 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கவே 100 வாட் வேண்டும்; காற்றில்லாவிட்டால் அதற்கு 56 வாட் போதும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

அடுத்த செலவு, நின்று நின்று கிளம்புவது. பூஜ்யத்திலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஒவ்வொரு முறையும் ஒன்றரை கிலோஜூல். பிரேக் போட்டதும் அது வெப்பமாகப் போய்விடுகிறது. சிக்னல், ஷேர் ஆட்டோ, குறுக்கே வரும் மாடு என்று முப்பது முறை நின்று கிளம்பினால் 45 கிலோஜூல்.

இந்தக் கிலோஜூலை எப்படிக் கலோரியாக்குவது? இயற்கை இங்கே நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. ஒரு கலோரி என்பது 4.18 கிலோஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் பெடலுக்கு அனுப்புகின்றன, மீதி வெப்பம். 4.18-இல் கால் பங்கு என்பது ஏறக்குறைய 1. எனவே பெடலில் செய்த ஒரு கிலோஜூல் வேலைக்கு உடல் எரிப்பது சுமார் ஒரு கலோரி. 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 360 கிலோஜூல். அதற்கு 360 கலோரி. மேம்பாலம் ஏறியதற்கு 9 கலோரி. முப்பது சிக்னலுக்கு 45.

இதே கணக்கில் மோட்டாரின் அருமையும் விளங்கும். அந்த 270 வாட்-மணி பேட்டரி, மோட்டார் வழியே 80 சதவீதம் சக்கரத்துக்குப் போனாலும் 778 கிலோஜூல் வேலை செய்கிறது. அதைக் காலால் செய்ய 780 கலோரி உணவு வேண்டும். சுமார் 225 கிராம் அரிசி. பேட்டரிக்குள் இருப்பது 232 கலோரிதான். ஆனால் அது தசையைவிட மூன்று மடங்கு சிக்கனமாக அதைச் செலவழிக்கிறது.

மோட்டார் எவ்வளவு, கால் எவ்வளவு?

250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இந்தியாவில் அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். ஐரோப்பாவிலும் எல்லை 250 வாட், 25 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு: பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். நம் சந்தையில் விற்கும் பல எலெக்ட்ரிக் சைக்கிள்களில் ஸ்கூட்டர் போலவே ஆக்சிலரேட்டரும் இருக்கிறது. முறுக்கினால் போதும், கால் சும்மா இருக்கலாம்.

பெடல் அசிஸ்ட்டிலும் இரண்டு வகை. ஒன்றில், காலின் அழுத்தத்தையே சென்சார் அளக்கும். நாம் அழுத்தி மிதித்தால் மோட்டாரும் அதற்கேற்ப இழுக்கும். மற்றதில், பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே சென்சார் பார்க்கும். கால் பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தாலும் மோட்டார் முழு வேலையையும் செய்துவிடும். விலை குறைந்த சைக்கிள்களில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. வெளிநாட்டு ஆய்வுகளின் எண்களைப் படிக்கும் தமிழ் வாசகர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அளந்தது மிதிக்கும் கால்களை.

அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிக்கும் ஆற்றலை 1 மெட் என்பார்கள். எடையில் கிலோவுக்கு, மணிக்கு ஒரு கலோரி. 3 மெட்டைத் தாண்டினால் மிதமான உடற்பயிற்சி. 6 மெட்டைத் தொட்டால் கடுமையானது. நெதர்லாந்தில் 2009-இல் 12 பேரை ஒரே எலெக்ட்ரிக் சைக்கிளில் மூன்று விதமாக ஓட்டச் செய்தார்கள். மோட்டார் இல்லாமல் 6.1 மெட், குறைந்த உதவியில் 5.7, அதிக உதவியில் 5.2. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2011-இல் ஓர் ஏற்றமான பாதையில் 18 பேரைச் சோதித்தார்கள். சாதாரண சைக்கிளில் 8.2, எலெக்ட்ரிக் சைக்கிளில் நடுத்தர உதவிக்கு 7.3, அதிக உதவிக்கு 6.1. மோட்டார் வந்தால் உடற்பயிற்சி போய்விடும் என்ற பயத்துக்கு இந்த எண்கள் நேரான பதில். மிதிக்கிற வரையில் அது உடற்பயிற்சிதான்.

அமெரிக்காவின் கொலராடோவில் 2016-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அதிகம் உடலசைக்காத 20 பேர், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், ஒரு மாதம் எலெக்ட்ரிக் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார்கள். சராசரி உழைப்பு 5 மெட்டை ஒட்டி இருந்தது. மாத முடிவில் இதயமும் நுரையீரலும் ஆக்சிஜனைக் கையாளும் திறன் கூடியிருந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சர்க்கரை குறைந்திருந்தது.

எண்கள் பொருந்தும்

தேசிய சத்துணவு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் மாதிரி இந்திய ஆணின் எடை 65 கிலோ. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாளுக்கு 2110 கலோரி போதும் என்கிறது அது. 55 கிலோ பெண்ணுக்கு 1660. அந்த 65 கிலோ ஆணையே எலெக்ட்ரிக் சைக்கிளில் ஏற்றுவோம்.

5 மெட் உழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு 325 கலோரி. ஆனால் அவர் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் 65 கலோரி எரிந்திருக்கும். சைக்கிளால் கூடுதலாகச் செலவானது 260. உடற்பயிற்சி மிஷின்களும் கைக்கடிகாரங்களும் காட்டும் எண்ணில் இந்த 65-ஐயும் சேர்த்தே காட்டுவதுண்டு. நேர்மையாகப் பார்த்தால் அதைக் கழிக்க வேண்டும்.

270 கலோரி கொண்ட 5 சதவீத பீர் பாட்டிலுக்கு ஒரு மணி நேரச் சவாரி. 18 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் கடக்கும்போது பாட்டில் தீர்ந்திருக்கும். ஸ்ட்ராங் பாட்டிலுக்கு ஒன்றரை மணி நேரம், 27 கிலோமீட்டர். குவார்ட்டர் பிராந்திக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். வேளச்சேரிக்குப் போய், முழுத் தூரமும் திரும்பி வந்தாக வேண்டும். இத்தனையும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மிதித்தால்தான்.

இதில் சைட் டிஷ் இன்னும் சேரவில்லை. 50 கிராம் வேர்க்கடலை என்பது ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு 280 கலோரிக்கு மேல். அதற்கே இன்னொரு மணி நேரம். எண்ணெயில் பொரித்தது என்றால் ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கும் 120 கலோரிக்கு மேல் சேரும். மது பசியைத் தூண்டும். திரவமாக வந்த கலோரியை வயிறு சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதும் குறைவு. எனவே பாட்டில் வந்த இரவில் சோறு குறையாது, பெரும்பாலும் கூடும். சனிக்கிழமைச் செலவை வெறும் பாட்டிலை வைத்துப் போடும் எவரும் பாதியைத்தான் எழுதுகிறார்.

எடை மிஷினும் ஏமாற்றும். 100 வாட் பெடலுக்குப் போகும்போது 300 வாட்டுக்கு மேல் உடம்பில் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சென்னையின் ஈரக்காற்றில் பெரும்பகுதி ஆவியாகாமல் சொட்டுகிறது. உடல் குளிராததால் இன்னும் வியர்க்கிறது. சவாரி முடிந்து எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கலாம். அது தண்ணீர், இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பிவிடும். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நம் கணக்கில் முப்பது மணி நேரச் சவாரி.

உடம்பு பொருந்தாது

சரி, சைட் டிஷ் இல்லாமல் ஒரே ஒரு பாட்டில், மறுநாள் ஒரு மணி நேரம் நேர்மையான மிதிப்பு. இப்போதாவது கணக்கு தீர்ந்ததா? கலோரி தீரும். ஆல்கஹால் செய்த வேலை தீராது.

மாவுச்சத்தை உடல் சேமித்துவைக்கும், கொழுப்பையும் சேமிக்கும். ஆல்கஹாலைச் சேமிக்க இடம் கிடையாது. கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் உடைத்தாக வேண்டும். முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு ஆகிறது. திசுக்களைச் சேதப்படுத்தும் நச்சு அது. அடுத்த படியில் அசிட்டேட் ஆகி எரிபொருளாகிறது. இது நடக்கும் நேரமெல்லாம் கொழுப்பு எரிவது மந்தமாகிவிடும். லோசானிலேயே சூட்டர், ஷூட்ஸ், ஜெகியே என்ற மூவர் 1992-இல் இதை அளந்தார்கள். அட்வாட்டர் போலவே ஆட்களை ஓர் அறையில் வைத்து, ஆல்கஹால் கொடுத்து, 24 மணி நேரத்தில் எவ்வளவு கொழுப்பு எரிகிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பீர் தன் கலோரியோடு நிற்பதில்லை. அன்றைய சாப்பாட்டின் கொழுப்பையும் எரியவிடாமல் தங்கவைக்கிறது.

இதைச் சைக்கிளால் விரைவுபடுத்தவும் முடியாது. சராசரிக் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை உடைக்கும். 5 சதவீத பாட்டிலில் 26 கிராம். மூன்று மணி நேரம் வேண்டும். ஸ்ட்ராங்கில் 41 கிராம்; நான்கு மணி நேரத்துக்கு மேல். எவ்வளவு மிதித்தாலும், எவ்வளவு வியர்த்தாலும் இந்த வேகம் கூடாது. ஆகவே குடித்துவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தால் அதிலேயே கழிந்துவிடும் என்ற எண்ணம் உயிருக்கே ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. எலெக்ட்ரிக் சைக்கிள் அந்தச் சட்டத்தின் வண்டிக் கணக்கில் வராமல் போகலாம். வேளச்சேரி சாலையில் பக்கத்தில் வரும் தண்ணீர் லாரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு சிக்கல் உடற்பயிற்சியின் பக்கத்திலிருந்தே வருகிறது. ஹெர்மன் பான்ட்ஸரும் சக ஆய்வாளர்களும் தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களின் ஒரு நாள் ஆற்றல் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கும் அவர்களும், நாற்காலியில் உட்காரும் மேலை நாட்டவரும், உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் செலவழித்தார்கள். உழைப்பு கூடினால் உடல் வேறு எங்காவது சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். எவ்வளவு சிக்கனம் என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் சவாரியில் எரித்த 260 கலோரி முழுவதும் நாளின் முடிவில் மிச்சமாக நிற்கும் என்று நம்ப முடியாது என்பது தெளிவு. உடற்பயிற்சியால் மட்டும் எடை குறைக்க முயல்கிறவர்கள் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்கிறது. காரணம் கலோரி இல்லை, புற்றுநோய். அந்த அபாயத்தைக் கிலோமீட்டரால் கழிக்க வழி கிடையாது.

சைக்கிளை எதோடு ஒப்பிடுவது?

அப்படியானால் எலெக்ட்ரிக் சைக்கிளால் என்ன பயன்? அதைப் பீரோடு ஒப்பிட்டதுதான் பிழை. சாதாரண சைக்கிளோடு ஒப்பிடுவதும் பாதிதான் சரி. சேலையூரில் அது இடம்பிடிக்கப்போவது வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் இடத்தை. ஸ்கூட்டரில் உட்கார்ந்து போகும் உடல் உட்கார்ந்திருக்கும் உடல்தான். அதிலிருந்து 5 மெட்டுக்கு வருவது பெரிய தாவல். 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் சிறியது.

ஏழு ஐரோப்பிய நகரங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டு 2019-இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. எலெக்ட்ரிக் சைக்கிள்காரர்களின் வார உடலுழைப்பு சாதாரண சைக்கிள்காரர்களுக்குக் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உழைப்பு குறைவு, ஆனால் அவர்கள் அதிகத் தூரம் போனார்கள். காரில் போயிருக்கக்கூடிய பயணங்களும் சைக்கிளுக்கு வந்தன.

நம் நிலைமையில் இதன் எடை இன்னும் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2014-இல், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று காட்டியது. அதே ஆய்வின் 2023 முடிவுகளில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இத்தனைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஊர் இல்லை இது. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் பெறுகிறார்கள். கல்லூரியும் வேலையும் வந்ததும், வெயிலும் தூரமும் வியர்வையும் அவர்களைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடுகின்றன. மோட்டார் தணிப்பது அந்த மூன்றையும்தான். எதிர்க்காற்றில் கூடுதலாக வேண்டிய 44 வாட்டை அது எடுத்துக்கொள்கிறது. சிக்னலில் கிளம்பும் உந்தலைத் தருகிறது. சட்டை நனையாமல் ஆபீஸ் சேர்க்கிறது. முழங்கால் வலிக்காரரும், அறுபது கடந்தவரும், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போகும் தாயும் மறுபடி பெடலுக்கு வருகிறார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் கணக்கை இப்படி முடிக்கலாம். எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கும்போது காலின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். உதவியைக் குறைந்த நிலையில் வைத்து, ஆக்சிலரேட்டரை மறந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கும் காய்கறிக் கடைக்கும் டியூஷனுக்கும் தினமும் அதிலேயே போங்கள். நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் போனால் 150 நிமிட மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் அவ்வளவுதான். அந்த 150 நிமிடம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், இதயத்தை வலுப்படுத்தும், நல்ல தூக்கம் தரும். அவை எந்தப் பாட்டிலுக்கும் ஈடாகக் கொடுத்துவிடக் கூடாத ஆதாயங்கள். குடிப்பதா வேண்டாமா என்பதைத் தனியாக, அதற்கே உரிய நட்டங்களை வைத்து முடிவு செய்யுங்கள். மிதித்த கிலோமீட்டர்களை அந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். அவை முழுக்க உங்கள் உடம்புக்கே சேரட்டும்.